பெரிய கோயிலுக்குள் துப்பாக்கியோடு நுழையப்போகும் பிள்ளைகளுக்கு

வெஸ்ட் வின்ட்சரிலும் பிளெயின்ஸ்பரோவிலும் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

இந்தக் கோடை விடுமுறையில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் களமாக வைத்து நீங்கள் ஒரு ஷூட்டர் கேம் செய்யப்போவதாக உங்கள் பெற்றோர் சொன்னார்கள். ‘டூம்’ காலத்துப் பாணியில், கட்டம் கட்டமான பிக்சல்களோடு, கையில் ஆயுதம் மட்டும் தெரிய, கோயிலுக்குள் ஓடி ஓடி அரக்கர்களைச் சுடும் ஆட்டம். கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். வாசிக்கத் தடுமாறும் இடங்களில் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் கேட்க வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான்: வேலையைத் தொடங்கும் முன் ‘பவர்ஸ்லேவ்’ ஆடிப் பாருங்கள். பண்டைய எகிப்தில் நடக்கும் பழைய ஷூட்டர். கோயிலை வைத்து ஆட்டம் செய்ய நினைக்கும் யாருக்கும் அதைவிட நல்ல பாடம் இல்லை. அது செய்த நல்லதிலும் பாடம் இருக்கிறது, செய்யாமல் விட்டதிலும் இருக்கிறது.

1996இல் வந்த ஆட்டம் அது. வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்டில், நிண்டெண்டோவின் அமெரிக்க அலுவலகத்தில் வேலை பார்த்த சிலர் வெளியே வந்து தொடங்கிய லொபாட்டமி சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் செய்தது. ஐரோப்பாவில் அதற்கு ‘எக்ஸ்யூம்டு’ என்று பெயர். கதை எளிமையானது. கில்மாட் என்ற வேற்றுக்கிரகவாசிகள் எகிப்தின் கர்னாக்கைப் பிடித்துவிடுகிறார்கள். ராம்செஸ் மன்னனின் மம்மியைத் திருடி, அதற்கு உயிர் கொடுத்து, அவன் ஆற்றலைத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். உடன் வந்தவர்களை இழந்து தனியே தப்பிய ஒரு படைவீரன் நீங்கள். ராம்செஸின் ஆவி உங்களுக்கு வழி சொல்கிறது.

வேற்றுக்கிரகவாசிகள் படையெடுத்த கதையை வெஸ்ட் வின்ட்சர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1938 அக்டோபர் 30 இரவு, ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கியது நம் குரோவர்ஸ் மில்லில்தான். வான் நெஸ்ட் பூங்காவில், அந்த ஒலிபரப்பின் 50ஆம் ஆண்டில் நிறுவிய வெண்கல நினைவுச் சின்னத்தை நீங்கள் எத்தனையோ தடவை சைக்கிளில் கடந்திருப்பீர்கள். எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட நாவல் இங்கிலாந்தில் நடக்கிறது. அதை நாடகமாக்கிய ஹோவர்ட் காக், நியூ ஜெர்சி வரைபடத்தில் கண்ணை மூடிப் பென்சிலை வைத்தார். அது நின்ற இடம் குரோவர்ஸ் மில். பெயரைத் தற்செயலாகத்தான் எடுத்தார். ஆனால் எடுத்த பிறகு அந்த இடத்தை மதித்தார். பக்கத்துப் பிரின்ஸ்டனிலிருந்து ஒரு வானியல் பேராசிரியரை வரவழைத்தார், ஒரு பண்ணையைக் காட்டினார், சாலைகளையும் போலீசையும் கொண்டுவந்தார். கேட்டவர்களில் ஒரு பகுதியினர் அதை மெய்ச் செய்தி என்றே எண்ணினார்கள். மறுநாள் பத்திரிகைகள் எழுதிய அளவுக்குப் பீதி பரவவில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் காக்கின் வேலைக்கு மதிப்புக் குறையாது. நான் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் அந்த ஒலிப்பதிவைக் கேட்டபோது, தெரிந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் கதைக்கு எலும்பு வந்துவிடுகிறது.

‘பவர்ஸ்லேவ்’ ஆட்டத்துக்கு வருகிறேன். ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. தொண்ணூறுகளின் இறுதியில் சென்னையில் ஒரு நண்பன் வீட்டுக் கணினியில் நான் பார்த்தது பிசி பதிப்பு. ‘டியூக் நியூகம் 3டி’ ஓடிய அதே பில்ட் எஞ்சினில் செய்தது. அந்த எஞ்சினை எழுதத் தொடங்கியபோது கென் சில்வர்மேன் பதின்வயது தாண்டாத பையன். உங்களில் மூத்தவர்களின் வயதுதான் இருக்கும். ஆனால் அந்தப் பதிப்பு லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று நேர்க்கோட்டில் போகும். முடித்த இடத்துக்கு மறுபடி போக எந்தக் காரணமும் கிடையாது. அதைத் தேடி ஆட வேண்டாம்.

நீங்கள் ஆட வேண்டியது சேகா சாட்டர்னுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் வந்த பதிப்பை. இன்று அதற்குப் பழைய பெட்டி எதுவும் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் அந்த இரண்டு பதிப்புகளையும் இணைத்து ‘பவர்ஸ்லேவ் எக்ஸ்யூம்டு’ என்று வெளியிட்டது. இந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டிய ஒரு வார இறுதியில் அதை நிறுவி மறுபடி உள்ளே போனேன். முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது: இது பழைய நினைவுக்காக மட்டும் ஆடும் ஆட்டம் இல்லை. வேகம் இன்றைக்கும் கையில் ஒட்டுகிறது. ஸ்காட் பிரான்ஸ்டனின் இசை, மூலையில் ஏதோ நிற்கிறது என்ற உணர்வை விடாமல் வைத்திருக்கிறது. ஆனால் அதன் உயிர் இருப்பது வரைபடத்தில்.

ஒரு லெவலில் எட்டாத உயரத்தில் ஒரு வாசல் தெரியும். என்ன செய்தாலும் ஏற முடியாது. விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவீர்கள். அங்கே இக்கும்ப்தெத்தின் காலணி கிடைக்கும். அதை அணிந்தால் உயரத் தாவலாம். உடனே பழைய வாசல் நினைவுக்கு வரும். வரைபடத்தைத் திறந்து அங்கே திரும்பிப் போவீர்கள். சோபெக்கின் முகமூடி கிடைத்தால் நீருக்குள் மூச்சு விடலாம். அதுவரை வெறும் பள்ளமாகத் தெரிந்த குளம் இப்போது பாதை. ஐசிஸின் சால்வை கிடைத்தால் காற்றில் மிதந்து இறங்கலாம். அதுவரை சாவாக இருந்த பள்ளத்தாக்கு இப்போது பாலம். இடம் மாறவே இல்லை. நீங்கள் மாறியதால் இடத்துக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. 1994இன் ‘சூப்பர் மெட்ராய்டு’ பக்கவாட்டில் செய்ததை இவர்கள் முதல் நபர் பார்வையில் செய்தார்கள். டெக்சாஸ் ஆஸ்டினில் ரெட்ரோ ஸ்டுடியோஸ் ‘மெட்ராய்டு ப்ரைம்’ செய்து உலகப் புகழ் பெற்றது 2002இல். லொபாட்டமி அதற்கு ஆறு ஆண்டு முன்னால் அந்த வழியில் நடந்துவிட்டது. அந்தப் பெருமை அவர்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

அதைச் சாட்டர்னில் செய்தார்கள் என்பதை, நிரல் எழுதும் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டி முக்கோணங்களை வரையாது, நாற்கோணங்களைத்தான் வரையும். உள்ளே இரண்டு ஹிட்டாச்சி செயலிகள். இரண்டையும் ஒத்துழைக்க வைப்பதே பெரும்பாடு. பெரிய நிறுவனங்களே அதில் முப்பரிமாண ஆட்டம் செய்யத் தயங்கின. எஸ்ரா டிரைஸ்பாக் என்ற நிரலாளர் அதற்கென்றே ஸ்லேவ்டிரைவர் என்ற எஞ்சினை எழுதினார். சுடும்போது சுவரில் வெளிச்சம் படர்ந்து மறைவதை அந்தப் பெட்டியில் காட்டினார். பின்னர் ‘டியூக்’, ‘குவேக்’ இரண்டையும் சாட்டர்னுக்குக் கொண்டுவந்தது அதே எஞ்சின்தான்.

இதில் உங்கள் கோயிலுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘டூம்’ எஞ்சினில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கட்ட முடியாது. பில்ட் எஞ்சினில் தந்திரம் செய்து கட்டலாம். ஸ்லேவ்டிரைவரில் உண்மையாகவே கட்டலாம். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி இரண்டு சுற்றுப்பாதைகள், ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்றாக இருக்கின்றன. அசல் ‘டூம்’ எஞ்சினில் அந்தக் கோயிலைச் செய்யவே முடியாது. எந்தக் கருவியில் செய்வது என்று உங்களுக்குள் வாதம் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். இதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

இனி ‘பவர்ஸ்லேவ்’ செய்யாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அதில் கர்னாக் என்பது வெறும் பெயர். மணல்நிறச் சுவர், சித்திர எழுத்து, தூண், மம்மி எல்லாம் உண்டு. உண்மையான கர்னாக்கில் இருப்பது இல்லை. அங்கே அமுன் கோயிலின் பெரிய மண்டபத்தில் 134 தூண்கள் நிற்கின்றன. நடுவில் நிற்கும் 12 தூண்கள் மற்றவற்றைவிட உயரம். அந்த உயர வேறுபாட்டில் கல் சாளரங்கள் வைத்து நடுப்பாதைக்கு மட்டும் வெளிச்சம் விட்டிருக்கிறார்கள். முதலாம் சேத்தி தொடங்கியதை மகன் இரண்டாம் ராம்செஸ் முடித்தான். எகிப்தியக் கோயிலில் பெரிய வாயிற்கோபுரம் தாண்டினால் திறந்த முற்றம். அதைத் தாண்டினால் அரையிருட்டு மண்டபம். உள்ளே போகப் போகத் தரை உயர்ந்து, கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, கடைசியில் இறைவன் இருக்கும் இருண்ட சிறு அறை. மக்கள் முற்றத்தோடு நிற்க வேண்டும்; அடுத்தடுத்த வாசலுக்குள் போகும் உரிமை சிலருக்கே.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஓர் இடம் நினைவுக்கு வந்திருக்கும். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயிலில்கூட இந்த அமைப்பின் சாயலைப் பார்த்திருக்கிறீர்கள். கோபுரம், பிராகாரம், மகா மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை. திறந்த வெளியிலிருந்து இருளுக்கு, அகலத்திலிருந்து குறுக்கத்துக்கு, சத்தத்திலிருந்து அமைதிக்கு. யாருக்கு எந்த வாசல் திறக்கும் என்பது கோயில் கட்டியவர்கள் ஆயிரம் ஆண்டுகளாக யோசித்த கேள்வி. அந்த உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்பது நம் வரலாற்றின் வலி; 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்த நாள்வரை அந்தக் கோயிலின் கதவுகள் அவர்களுக்குச் சாத்தியே இருந்தன. கேமில் ஒரு கதவைப் பூட்டி வைக்கும்போது, உண்மையில் யாரெல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

அடுத்தது தெய்வங்கள். ‘பவர்ஸ்லேவ்’ ஆட்டத்தில் அனுபிஸ் வரிசையாக நெருப்புருண்டை எறிந்து வந்து செத்து விழுகிறான். எகிப்தியருக்கு அனுபிஸ் இறந்தவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் தெய்வம். பூனைத் தலை பாஸ்டெட் வீட்டைக் காப்பவள். இங்கே அவள் சாயலில் வருபவை திடீரென்று தோன்றித் தாக்கும் எதிரிகள். செல்கிஸ் என்ற தேள் தெய்வம் விஷக்கடியிலிருந்து காப்பவள், துட்டன்காமனின் உடலுறுப்புகள் இருந்த பேழையைக் கைவிரித்துக் காத்து நின்ற நான்கு தேவியரில் ஒருத்தி. ஆட்டத்தில் அவள் ஒரு ராட்சசத் தேள். கொன்றால் அடுத்த இடம் திறக்கும். ரெட்மண்டில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களுக்கு யாரையும் புண்படுத்தும் எண்ணம் இருந்திருக்காது. அந்தத் தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. நம் தெய்வங்கள் அப்படி இல்லை. 2012இல் ‘ஸ்மைட்’ என்ற ஆட்டத்தில் காளியை ஆயுதம் ஏந்திய பாத்திரமாக வைத்தபோது அமெரிக்க இந்துக்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கேட்க ஆள் இருக்கிறார்களா என்பதை வைத்து மரியாதையை முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. துவாரபாலகர்கள் உயிர்பெற்று வந்து தாக்குவார்கள், அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும் என்று உங்கள் திட்டத்தில் இருக்கிறதாம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். ஐந்தரை மீட்டர் உயரமுள்ள அந்தத் துவாரபாலகர்களின் ஒரு கை உள்ளே இருப்பவரின் பெருமையைச் சுட்டுகிறது. அந்தக் கையே ஆட்டக்காரருக்கு வழி காட்டலாமே.

அப்படியானால் எதிரி யார்? நியாயமான கேள்வி. சுடும் ஆட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிடித்த வகை அது. ‘பவர்ஸ்லேவ்’ கதையையே பாருங்கள்: மன்னனின் உடலைத் திருடிக்கொண்டு போகிறார்கள், மீட்க வேண்டும். அதற்கு நீங்கள் வேற்றுக்கிரகத்தாரைக் கூப்பிட வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் திருடு போனார். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்ற சுபாஷ் கபூரின் கடை மன்ஹாட்டனில் இருந்தது. நம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏறும் ரயில் போய் நிற்கும் அதே மன்ஹாட்டன். 2011இல் அவர் ஜெர்மனியில் கைதானார், 2014இல் நடராசர் நாடு திரும்பினார், 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. இருட்டுக் கோயில், உடைந்த பூட்டு, சிலையைச் சாக்கில் கட்டும் ஆட்கள், துறைமுகம், போலிச் சான்றிதழ். இதைவிட நல்ல எதிரியை யாரும் கற்பனை செய்து தர முடியாது. எந்த மதத்தாரையும் எந்த நாட்டுப் படையையும் அரக்கராக்காமல் ஆட்டம் நடத்தலாம்.

ராம்செஸ் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரில் பதினொரு மன்னர்கள் ஆண்டார்கள். ராம்செஸ் என்றதும் உலகம் நினைப்பது இரண்டாமவனை. கி.மு. 1213இல் அவன் இறந்து, உடலைப் பதப்படுத்தியபோது மூக்குத் துளைகளில் மிளகு வைத்தார்கள். 1976இல் அந்த மம்மியைப் பூஞ்சை அரிக்கிறதென்று பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். மிளகு விளைந்தது அன்று நம் மேற்கு மலைத்தொடரில்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னால், செங்கடல் துறையான பெரெனிகேயில் ஓர் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே துறையில் தமிழ்-பிராமியில் ஒரு பெயர் கீறிய பானையோடும், வடக்கே குசெய்ர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய ஓடுகளும் கிடைத்தன. ஆகவே எகிப்து உங்களுக்கு முழு அந்நியம் இல்லை. ‘பவர்ஸ்லேவ்’ ஆடும்போது வழி சொல்லும் அந்த மன்னனின் முகம் திரையில் வந்தால், உங்கள் வீட்டு ரசத்தில் மிதக்கும் பொருள் அவன் மூக்கில் இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவனை நேரிலும் பார்க்கலாம். டிரென்டனில் ரயில் மாறி பிலடெல்பியா போங்கள். பென் அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் இரண்டாம் ராம்செஸின் சிவப்புக் கருங்கல் ஸ்பிங்க்ஸ் இருக்கிறது. மெம்பிசில் பிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்து எடுத்தது, 1913இல் இங்கே வந்தது. முகம் தேய்ந்து உருவழிந்திருக்கும், உடல் கூர்மையாக இருக்கும்; பல நூற்றாண்டுகள் தலை மட்டும் மணலுக்கு வெளியே காற்றில் நின்றதால் வந்த வேறுபாடு. கேமில் கல்லுக்குப் பூச்சு வரைபவர் யாராக இருந்தாலும் அதன் முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். உங்கள் திட்டத்தில் நான் பார்த்த மாதிரிப் படங்களில் எல்லாக் கல்லும் ஒரே அளவு பழசாக இருக்கிறது. உண்மையில் கை படும் இடம் வழுவழுக்கும், எண்ணெய் படும் இடம் கறுக்கும், மழை படும் இடம் அரிக்கும்.

அங்கிருந்து அதே ஊரின் கலை அருங்காட்சியகத்துக்கு நடங்கள். மதுரை மதனகோபால சுவாமி கோயில் மண்டபத் தூண்கள் ஒரு முழுக் கூடமாக அங்கே நிற்கின்றன. குவியலாகக் கிடந்த அவற்றை 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண் விலைக்கு வாங்கினார். 1919இல் அவர் நினைவாகக் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். தூண்களுக்கு நடுவே நடந்து பாருங்கள். ஒரு தூணுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருவர் மறைந்து நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது, ஆள் உயரத்தில் சிற்பம் எதிர்ப்படும்போது உடல் எப்படித் தயங்குகிறது என்பதெல்லாம் திரையில் அளந்து தெரிந்துகொள்ள முடியாதவை. தஞ்சாவூர் போக இந்த ஆண்டு முடியாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

இப்போது பெரிய கோயில். ‘பவர்ஸ்லேவ்’ தேடி அலைந்த எல்லாமே அங்கே கல்லில் இருக்கிறது. கேரளாந்தகன் வாயில், அதன்பின் ராஜராஜன் வாயில். உங்கள் முதல் இரண்டு கதவுகளுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. கருவறையைச் சுற்றிய கீழ்ச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியம். அதன் அடியில் பல நூற்றாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் சோழர் ஓவியம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அதைக் கண்டுபிடித்தார். பின்னர் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். ஒரே சுவர், இரண்டு காலம். முதல் முறை போகும்போது ஒரு படம், விளக்கோடு திரும்பி வரும்போது அடியில் இருப்பது. காலணியும் முகமூடியும் தேடாமல், விளக்கையே உங்கள் மந்திரப் பொருளாக்குங்கள்.

விளக்குக்கும் கணக்கு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். குண்டு தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஓடும் ஆட்டங்கள் ஆயிரம் வந்துவிட்டன. நெய் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் ஓடும் ஆட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘பவர்ஸ்லேவ்’ ஆட்டத்தின் கர்னாக்கில் சொல்லிக்கொள்ளும்படி ஊரே இல்லை. கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் எதிரிகள்தான். அங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன சாப்பிட்டார்கள், எங்கே போனார்கள் என்று ஆட்டம் கேட்கவில்லை. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது, ஏனென்றால் பெரிய கோயிலின் சுவரே ஆட்களின் பட்டியல். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்த, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 கோயில் நடனப் பெண்களின் பெயர்கள், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், தெற்குத் தெருவா வடக்குத் தெருவா, எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். பதிகம் பாடும் 48 பேர், அவர்களோடு உடுக்கையும் மத்தளமும் வாசிக்கும் இருவர். தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர். 1010இல் முடிந்த கோயில் அது. அங்கே வேலை பார்த்தவரின் வீட்டு இலக்கத்தை இன்று வாசிக்கலாம். உங்கள் ஆட்டத்தில் ஆட்டக்காரர் பேசும் ஒவ்வொருவரும் இந்தப் பட்டியலிலிருந்து வரட்டும். புதிதாகப் பெயர் வைக்காதீர்கள்.

லொபாட்டமிக்காரர்களும் தங்கள் பெயரை விட்டுப்போக ஒரு வழி செய்தார்கள். சாட்டர்ன் பதிப்பில் லெவல்களின் மூலைகளில் 23 பொம்மைகளை ஒளித்து வைத்தார்கள், ஆட்டத்தைச் செய்த குழுவின் நினைவாக. எல்லாவற்றையும் சேகரித்தால் ‘டெத் டேங்க்’ என்ற இன்னொரு குட்டி ஆட்டம் திறக்கும். 1998இல் அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்து, விரைவில் மூடியும் போனது. ஆட்டம் கடைகளிலிருந்து மறைந்தது. 2015இல் சாமுவேல் வியாரியல் என்ற நிரலாளர் தனியாளாகப் பிளேஸ்டேஷன் பதிப்பை நுணுகி ஆராய்ந்து மறுபடி கட்டி வெளியிட்டார். உரிமைச் சிக்கலால் அதை எடுக்க வேண்டி வந்தது. ஏழு ஆண்டு கழித்து அவர் வேலை பார்த்த நைட்டைவே உரிமையோடு வெளியிட்டது. ஒருவரின் பிடிவாதம் இல்லையென்றால் நான் உங்களை இன்று எதையும் ஆடச் சொல்லியிருக்க முடியாது. அமெரிக்காவில் வந்த பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. உங்கள் மூல நிரலையும் படங்களையும் ஒலிகளையும் முதல் நாளிலிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பத்திரப்படுத்துங்கள். யார் என்ன செய்தார்கள் என்பதைக் கடைசித் திரையில் ஓட விடாமல், ஆட்டத்துக்குள்ளேயே சுவரில் வெட்டுங்கள். பெரிய கோயிலில் தலைமைத் தச்சர் வீரசோழன் குஞ்சரமல்லனின் பெயர் அப்படித்தான் இருக்கிறது.

2023இல் ‘வெண்பா’ வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சுற்றிய சிறு ஆட்டம், டொரொண்டோவில் செய்தது. அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. இட்லி எப்படி வேகிறது என்பதில் அவர்கள் பொய் சொல்லவில்லை. கோயிலில் நீங்களும் அதையே செய்தால் போதும். முழுக் கோயிலையும் இந்தக் கோடைக்குள் கட்ட நினைக்காதீர்கள். இரண்டு வாயில், கீழ்ச் சுற்று, மேல் சுற்று. அவ்வளவு.

மேல் சுற்று பற்றிக் கடைசியாக ஒன்று. பொதுமக்களுக்குத் திறக்காத அந்தப் பாதையின் சுவரில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு, 81ஐ முடித்திருக்கிறார்கள். மீதி 27 கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. நீங்கள் அதைக் கட்டும்போது யாராவது ஒருவர், அந்த இடத்தைச் சும்மா விட வேண்டாம், புதையல் வைக்கலாம், பாஸ் வைக்கலாம் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். 81 கரணங்களையும் ஆட்டக்காரர் துல்லியமாகப் பார்க்கும்படி வெளிச்சம் அமையுங்கள். அவற்றை வரையும் முன் உங்களில் பரதம் கற்றவர்களைக் கூப்பிட்டு உடலைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்த 27 கற்களை வெறும் கல்லாகவே விடுங்கள்.

ஆடிப் பார்க்கும்படியான முதல் பதிப்பு தயாரானதும் சொல்லி அனுப்புங்கள், வந்து ஆடித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் மாமா ஒருவர்
வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி